வேலை பார்த்த இன்ஜினை ஏற்றியாச்சு, இப்போது இது என்ன சத்தம்? (பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு)

இன்ஜினை இறக்க ஒரு நாள். லேத்தில் கொடுத்து ரீபோர் (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சீராக்குவது) முடித்து வாங்கிவரப் பத்து நாள். கோர்த்து மறுபடி ஏற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவும் பொறுமையாகச் செய்தவர்கள்கூட, முதல் தடவை சாவியைத் திருப்பி வண்டி சொன்னபடி கேட்காவிட்டால் உடனே 'உள்ளே ஏதோ தப்பாகிவிட்டது' என்று ஹெட்டைக் கழற்றக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு தடவை கிளம்பினேன். வால்வ் கவரைக் கழற்றி, டைமிங் பெல்ட் கவரில் கை வைத்தபோதுதான் கார்புரேட்டருக்குக் கீழே ஒரு ஒயர் அநாதையாகத் தொங்குவதைப் பார்த்தேன். அதைச் சொருகினேன், வண்டி ஓடியது. புது வால்வ் கவர் பேக்கிங் ஒன்று வீண்.

அதனால் இங்கே நான் சொல்லும் வரிசைக்கு ஒரே ஒரு கணக்குதான். கடைசியாகக் கை வைத்தது எதுவோ அதை முதலில் பாருங்கள். பிஸ்டனையும் பேரிங்கையும் அளந்து பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒயரையும் ஹோஸையும் கேபிளையும் மாட்டியது கடைசி நாள் சாயங்காலம், வெளிச்சம் போகும் நேரத்தில், களைப்போடு.

நான் பேசுவது கார்புரேட்டர் வைத்த 800 பற்றி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, பற்றவைக்கும் வரிசை 1-3-2. பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும்) வண்டிக்கு கார்புரேட்டர், டெல்கோ (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) பகுதிகள் பொருந்தாது, மற்றவை பெரும்பாலும் பொருந்தும். இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு சோதிக்காதீர்கள். வண்டியை வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். சைலன்சர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைச் சாய்க்கும்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்கிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

புது ரிங் போட்ட இன்ஜின் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும். பழைய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, லைட் எல்லாம் மங்குகிறது என்றால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள். பாடிக்கும் இன்ஜின்-கியர்பாக்ஸுக்கும் நடுவே போகும் அந்தப் பட்டை ஒயரை மாட்ட மறப்பது ரொம்ப சகஜம். மாட்டியிருந்தாலும், பிளாக்குக்கு ஆசையாகப் பெயின்ட் அடித்திருப்போம். பெயின்ட் மேல் போல்ட் முடுக்கினால் கரண்ட் போகாது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி மின்னவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் வெறும் இரும்பு தெரியும் இடத்திலும் பிடித்துக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எர்த் இல்லாமலேயே செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளச் கேபிள் வழியாகத் திரும்பும். என் மச்சான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப, சோக் கேபிளிலிருந்து புகை வந்தது. 'பெட்ரோல் பற்றிக்கொண்டது' என்று அவர் குதித்த குதியில் கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கேபிள் சூடானால் வேறெதுவும் பார்க்க வேண்டாம், எர்த்துதான்.

ஆயில் லைட் அணையவில்லை

இதை மட்டும் சாவகாசமாக ஆராய முடியாது. முதல் ஸ்டார்ட்டில் ஐந்து, ஆறு விநாடிக்குள் லைட் அணையாவிட்டால் உடனே சாவியை அணையுங்கள். 'கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் ஏறிவிடும்' என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். ஆயில் ஏறாமல் ரேஸ் கொடுத்தால், புதிதாகப் போட்ட பேரிங்கை ஒரு நிமிடத்தில் பழையது ஆக்கிவிடலாம்.

சரியான முறை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலை ஏற்றுவது. மூன்று பிளக்கையும் கழற்றுங்கள், இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயர் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். பத்துப் பத்து விநாடியாக, நடுவே செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து, சுற்றவிடுங்கள். பிளக் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங் மேல் சுமையும் இல்லை. லைட் அணையும்வரை இதைச் செய்யுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தால் ராக்கர் பக்கம் ஆயில் நனைவது தெரியும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிச் சுற்றியும் அணையவில்லையா? முதலில் டிப் ஸ்டிக். சிரிக்காதீர்கள், ஆயில் ஊற்றாமலேயே ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. அடுத்து ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்யுங்கள். ஒயர் கழன்ற நிலையிலும் லைட் எரிந்தால், அந்த ஒயர் எங்கோ நசுங்கி பாடியைத் தொடுகிறது. ஆயிலில் குறையில்லை. ஒயரைக் கழற்றினால் லைட் அணைகிறது என்றால் ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், நிஜமாகவே பிரஷர் இல்லாமலும் இருக்கலாம். ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கேஜிலும் முள் ஏறவில்லை என்றால் சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓரிங், அடுத்து ஆயில் பம்ப் என்று போக வேண்டியதுதான். அது இந்தக் கட்டுரையில் சொல்லும் சின்ன வேலைகளில் சேராது.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் செய்தாலே லைட் எரியவில்லை. அப்பாடா என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் ஸ்விட்ச் ஒயரை மாட்ட மறந்திருப்பீர்கள், பிரஷர் இல்லாவிட்டாலும் இனி எதுவும் உங்களை எச்சரிக்காது.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

பெட்ரோல், ஸ்பார்க், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்). இந்த மூன்றில் ஒன்று.

பெட்ரோலை முதலில் முடித்துவிடலாம். வாரக்கணக்கில் சும்மா கிடந்ததால் கார்புரேட்டர் காய்ந்திருக்கும். செல்ஃப் வேகத்தில் மெக்கானிக்கல் பம்ப் மெதுவாகத்தான் இழுக்கும். கார்புரேட்டரின் பக்கத்தில் பெட்ரோல் மட்டம் பார்ப்பதற்கென்றே வட்டமான சின்னக் கண்ணாடி உண்டு. அதில் பாதிக்கு பெட்ரோல் நின்றால் சப்ளை சரி. வறண்டிருந்தால் பம்ப் ஹோஸ்களை இடம் மாற்றிச் சொருகவில்லையே என்று பாருங்கள். டேங்க்கிலிருந்து வருவது, கார்புரேட்டருக்குப் போவது, டேங்க்குக்குத் திரும்புவது, எல்லாம் ஒரே மாதிரி ரப்பர் ஹோஸ்கள். இறக்கும்போது இன்சுலேஷன் டேப்பில் எழுதி ஒட்டியவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது. மற்றவர்கள் அடுத்த தடவை ஒட்டுவார்கள்.

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க பிளக்கைக் கழற்றி அதன் லீடில் (பிளக்குக்கு வரும் தடித்த ஒயர்) சொருகி, அதன் இரும்பு உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்து சுற்றவிடுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு, காற்றோட்டம் இருக்கும்போது செய்யுங்கள். நீலமாகப் பளிச்சென்று வந்தால் போதும்.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனால் பற்றவில்லை. அல்லது கார்புரேட்டர் வழியாக 'புஸ்' என்று துப்புகிறது, சைலன்சரில் வெடிக்கிறது. அப்படியென்றால் பத்தில் எட்டுத் தடவை டெல்கோதான். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். நாலு சிலிண்டர் வண்டியில் கற்றுக்கொண்டவர்கள் 800-இல் தடுமாறும் இடம் இது.

பிஸ்டன் மேலே வரும் நேரம் இரண்டு வகை. அமுக்கி முடித்து மேலே வருவது ஒன்று, புகையை வெளியே தள்ளிவிட்டு மேலே வருவது இன்னொன்று. ஃபிளைவீலில் இருக்கும் டி குறி இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அமுக்கும் நேரத்துக்குப் பதில் புகை தள்ளும் நேரத்தில் வைத்து டெல்கோவைச் சொருகிவிட்டால் அதற்குள் சுற்றும் ரோட்டர் சரியாக எதிர்ப்பக்கம், 180 டிகிரி தள்ளி நிற்கும். நாலு சிலிண்டர் வண்டியில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. டெல்கோவைத் தொடாமல் பிளக் லீடுகளை எல்லாம் எதிரெதிராக மாற்றிச் சொருகினால் ஓடிவிடும். 800-இல் அது நடக்காது. மூன்று சிலிண்டர் என்பதால் டெல்கோ மூடியில் முனைகள் 120 டிகிரிக்கு ஒன்றாக இருக்கின்றன. 180 டிகிரி தள்ளினால் ரோட்டர் இரண்டு முனைகளுக்கு நடுவே, எதற்கும் சொந்தமில்லாமல் நிற்கும். லீடை எப்படி மாற்றினாலும் சரிவராது. டெல்கோவைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

செய்முறை இதுதான். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரல் எட்டாவிட்டால் துணியை உருட்டிச் சொருகலாம். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, புல்லி பக்கம் நின்று பார்க்கக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும், துணியாக இருந்தால் தெறித்து வெளியே வரும். அதுதான் அமுக்கும் நேரம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் சுற்றி, கியர்பாக்ஸ் உறையில் ரப்பர் மூடி போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபிளைவீல் குறியைச் சேருங்கள். இப்போது டெல்கோ மூடியைத் திறந்தால் ரோட்டர் ஒன்றாம் சிலிண்டர் லீடு இருக்கும் முனையை நோக்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டெல்கோவை உருவி, ரோட்டரைத் திருப்பி, மறுபடி இறக்குங்கள். பல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் உள்ளே இறங்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், அந்த அளவுக்கு முன்கூட்டியே தள்ளி வைக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியாக உட்காராது, மூன்றாவது தடவை உட்காரும்.

அப்புறம் லீடு வரிசை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃபைத் தட்டினால் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியும். அந்தத் திசையில் 1, 3, 2. 1-2-3 என்று மாட்டினால் ஒன்றாம் சிலிண்டர் மட்டும் வெடித்து, மற்ற இரண்டும் எதிர்த்து உதறும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பிக்கப்பே இல்லை

டெல்கோ தவிர இன்னொரு சந்தேக ஆள் டைமிங் பெல்ட். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேடு ஏறாது. டெல்கோவைச் சுற்றுவதும் கேம் ஷாஃப்ட்தான் என்பதால் பெல்ட் தள்ளினால் ஸ்பார்க் டைமிங்கும் கூடவே தள்ளும். நாம் டைமிங் லைட் பிடித்து டெல்கோவைத் திருப்பி ஸ்பார்க்கைச் சரி செய்துவிடுவோம். குறி பொருந்திவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். வால்வ் மட்டும் தப்பான நேரத்திலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். டெல்கோவை வழக்கத்தை விட அதிகம் திருப்பினால்தான் டைமிங் சேருகிறது, கிளாம்ப் போல்ட்டின் நீள ஓட்டையில் ஓரத்துக்கே போய்விட்டது என்றால் பெல்ட் கவரைத் திறந்து குறிகளைப் பாருங்கள். பெல்ட்டை மாற்றிப் போட்ட பின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

ரேஸ் கொடுத்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது

நான் ஆரம்பத்தில் சொன்ன அநாதை ஒயர் இந்தக் கேஸ்தான். சில கார்புரேட்டர்களில் ஐட்லிங் (ரேஸ் கொடுக்காமல் ஓடுவது) பெட்ரோலைத் திறந்துவிட ஒரு சோலனாய்டு வால்வு உண்டு. அதன் ஒயர் கழன்றிருந்தால் ஐட்லிங்குக்குப் பெட்ரோலே போகாது. சாவியை ஆன் செய்துவிட்டு ஒயரைச் சொருகி எடுத்தால் 'டிக்' என்று கேட்க வேண்டும்.

அது சரியாக இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் அடியில் உள்ள பேக்கிங், மேனிஃபோல்ட் பேக்கிங், டெல்கோவுக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் அதன் ஹோஸ். ஒவ்வொரு ஹோஸாகப் பிடித்து நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கினால் ஓட்டம் சீராகிறதோ அதன் மறுமுனையில் ஓட்டை. பேக்கிங் ஓரங்களுக்கு, துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே போதும். தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான். டெல்கோ பக்கமும் லீடுகள் பக்கமும் அடிக்காதீர்கள். சிலர் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ சூடான இன்ஜின் மேல் அடித்துக் கண்டுபிடிப்பார்கள். வீட்டு வாசலில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஓட்டையை அடைக்காமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஓட வைத்துவிடலாம்தான். அடுத்த வாரம் சிக்னலில் நிற்கும்போது வண்டி அதற்குப் பதில் சொல்லும்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்

மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கார் முழுக்க உதறும். ஐட்லிங்கில் ஒவ்வொரு லீடாகக் கழற்றுங்கள். கழற்றியதும் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லாதது திருடன். லீடை ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிடியுங்கள், கழற்றிய லீடை இன்ஜினைத் தொடும்படி வையுங்கள், அந்தரத்தில் விடாதீர்கள். திருடன் அகப்பட்டதும் அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக். முடுக்கும்போது பீங்கானில் விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நகராவிட்டால் லீடு, அதற்கடுத்து டேப்பட் (வால்வ் இடைவெளி). டேப்பட்டை இறுக்கமாக வைத்துவிட்டால் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் வைத்துப் பாருங்கள், மூன்றுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

ஹீட் முள் ஏறுகிறது

புது இன்ஜின் கொஞ்சம் சூடாகத்தான் ஓடும், ஆனால் முள் சிவப்புக்குப் போகக்கூடாது. பெரும்பாலும் ஏர் லாக். காலியான பிளாக்கில் கூலண்ட் ஊற்றும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதன் லீவரைச் சூடு பக்கம் தள்ளிவிட்டு, ஓடவிட்டு மெல்ல மெல்ல ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் மடக்கென்று இறங்கும், அப்போது மறுபடி நிரப்ப வேண்டும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கப் போகாதீர்கள்.

ஃபேன் சுற்றவில்லை என்றால் தெர்மோ ஸ்விட்ச்சின் ஒயர். அதுவும் சரியென்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அதனாலும் ஹீட் ஏறும். காற்றெல்லாம் போன பிறகும் ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் வருகிறது, அல்லது டிப் ஸ்டிக்கில் காபி நிறம் தெரிகிறது என்றால் ஹெட் கேஸ்கட். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

சத்தங்கள்

மேலே 'டிக் டிக்' என்று தையல் மெஷின் போல் வந்தால் டேப்பட் லூஸ். இன்ஜின் சூடானதும் குறைந்துபோகும் 'டிச் டிச்' என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பேக்கிங்கில் லீக், நட்டுகளை முடுக்குங்கள். உராயும் சத்தம் என்றால் கீழே தகரமோ பெல்ட் கவரோ புல்லியில் படும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆழத்திலிருந்து, ரேஸ் கொடுத்தால் கனமாக 'தொம் தொம்' என்று அடித்தால் அணைத்துவிட்டு சம்ப்பை இறக்குங்கள். அந்தச் சத்தத்துக்கு வெளியே மருந்து கிடையாது.

கியர்பாக்ஸ் பக்கம் ஊளையிடுகிறதா? டிரைவ் ஷாஃப்ட்டை உருவியபோது கியர் ஆயில் கொட்டியிருக்குமே, திரும்ப ஊற்றினீர்களா?

உட்கார்ந்திருக்கும்போதே சீட் அதிர்ந்தால் மவுன்டிங். தொங்கவிட்ட நிலையில் இழுத்துப் பிடித்து முடுக்கியிருப்போம். எல்லா மவுன்டிங் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, ஐட்லிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் தானாக உட்கார்ந்த இடத்தில் அணைத்துவிட்டு முடுக்குங்கள். மூன்று சிலிண்டரின் பிறவி அதிர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது போகாது.

புகையும் ஒழுகலும்

முதல் பத்து நிமிடம் வரும் நீலப்புகை, கோர்க்கும்போது பூசிய ஆயில். சைலன்சரிலிருந்து சொட்டும் தண்ணீரும் சாதாரணம். கரும்புகை என்றால் சோக் பட்டன் உள்ளே போயும் கார்புரேட்டரில் மடல் மூடியே நிற்கிறது, கேபிள் நீளத்தைச் சரிசெய்யுங்கள். நீலப்புகை சில நூறு கிலோமீட்டர் போயும் குறையவில்லை என்றால்தான் ரிங்கையோ வால்வ் சீலையோ சந்தேகிக்க வேண்டும். ரிங் உட்கார வேண்டுமானால் வண்டி ரோட்டில் ஓட வேண்டும். வீட்டில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐட்லிங் விடுவதால் பயனில்லை. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழு ரேஸ் மட்டும் வேண்டாம்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, கழுவித் துடைத்துவிட்டு ராத்திரி கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். காலையில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள். ஆனால் ஆயில் வழிந்து வரும், அதனால் நனைந்த இடங்களில் மிக உயரமானதுதான் குற்றவாளி. என் வண்டியில் சம்ப் பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றிய பிறகு, டெல்கோவின் ஓரிங்கிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. இருபது ரூபாய் ஓரிங்.